சொதியும் ஸ்டூவும் ஒன்றுதானா? 25ஆவது கல்யாண நாள் சமையல்

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி, மதியம் 3.10 (ஒரு வாசகர்)

கல்யாண நாளுக்கு வீட்டிலேயே சொதி வைக்கப்போவதாக ஒருவர் போன வாரம் இங்கே எழுதியிருந்தார். திருநெல்வேலிக்காரர்கள் இந்தச் சொதிக்கு இவ்வளவு அலட்டிக்கொள்வது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கேரளா ஸ்டூ என்கிற தேங்காய்ப்பால் குழம்பில் ஒரு பிடி பருப்பைப் போட்டால் சொதி. இதற்காக 25 வருஷம் முடிகிற நாளில் அடுப்படியில் போய் நிற்க வேண்டுமா? சென்னையில் ஹோட்டலுக்கா பஞ்சம்?

9 ஆகஸ்ட், இரவு 9.40

அந்த ஒருவர் நான்தான். முதலில் ஒன்று, நான் திருநெல்வேலிக்காரன் இல்லை. பெரம்பூர். அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், பூர்வீகம் காஞ்சிபுரம் பக்கம். 1999 ஆகஸ்ட் 24 வரை சொதி என்ற சொல்லையே நான் கேட்டதில்லை. கேட்டபோதும் சொதப்பல்தான் ஞாபகம் வந்தது.

முந்தின நாள் திருநெல்வேலியில் கல்யாணம். அடுத்த நாள் மறுவீடு, பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் விருந்து. அங்கே சைவப் பிள்ளைமார் வீடுகளில் அன்றைக்குச் சொதிதான் வைக்க வேண்டும். மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இலையில் சோறு விழுந்தது, அதன்மேல் வெள்ளையாக ஒன்றை ஊற்றினார்கள். இவர்கள் ஊரில் பாயசம் முதலிலேயே வந்துவிடும்போல என்று நினைத்து அப்பளத்தை எடுத்து நொறுக்கினேன். எதிர்வரிசையில் ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் பாயசத்துக்குள் முருங்கைக்காய் தட்டுப்பட்டது.

மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சத்தியமாக மூன்று. பந்தியே திரும்பிப் பார்த்தது. இதை 25 வருஷமாக எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன்.

இனி உங்கள் ஸ்டூ. அதில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் என்று முழு மசாலா மிதக்கும், ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்வார்கள். சொதியில் அந்த வாசனைக்கே இடமில்லை. பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்த காரம், குழைய வெந்த பாசிப்பருப்பு, கடைசியில் எலுமிச்சம்பழம். சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவது. பக்கத்தில் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தாக வேண்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக உட்கார்ந்துவிடும், அதை நகர்த்தத்தான் இஞ்சி என்பார்கள். ஒரு பிடி பருப்பைப் போட்டால் ஸ்டூ சொதியாகிவிடும் என்பது, ரசத்தில் காயைப் போட்டால் சாம்பார் என்பதுபோல.

ஹோட்டல் விஷயம் நாளைக்கு. தூக்கம் வருகிறது.

10 ஆகஸ்ட், காலை 7.15

ஹோட்டல். நெல்லைச் சாப்பாடு போடும் மெஸ்கள் சென்னையில் உண்டு, சிலவற்றில் வாரத்தில் ஒரு நாள் சொதியும் உண்டு. ஒரு இடத்தில் போய்ச் சாப்பிட்டேன், பெயர் வேண்டாம். கரண்டியிலிருந்து இறங்க மாட்டேன் என்றது. சோளமாவு. இருநூறு பேருக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கஞ்சி குடிக்க நான் கல்யாணம் ஆகி 25 வருஷம் காத்திருக்கவில்லை.

10 ஆகஸ்ட், இரவு 8.05

மஞ்சள் போடலாமா என்று கேட்டவருக்கு: போடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டது யாழ்ப்பாணச் சொதியாக இருக்கும். அதில் மஞ்சள் உண்டு, தண்ணீராக இருக்கும், இடியாப்பத்துக்குப் பொருத்தம். நன்றாகவே இருக்கும். பெயர் ஒன்று, வீடு வேறு.

நேற்று 'முழு மசாலா வாசனைக்கே இடமில்லை' என்று அடித்துச் சொன்னேன் அல்லவா? பாளையங்கோட்டைக்கார அக்கா ஒருவர், தங்கள் வீட்டில் ஒரே ஒரு பட்டை போடுவதாகத் தனியாக எழுதியிருக்கிறார். சரி, போடட்டும். எங்கள் வீட்டில் இல்லை என்று மாற்றிக்கொள்கிறேன். 'எங்கள் வீடு' என்று மாமியார் வீட்டைச் சொல்ல வந்துவிட்டேன், பாருங்கள்.

11 ஆகஸ்ட், ஞாயிறு, மதியம் 2.30

ஒத்திகை பார்த்தேன். திரிந்துவிட்டது.

மனைவி கோவிலுக்குப் போயிருந்த நேரம். மாம்பலம் மார்க்கெட்டில் முந்தின நாளே இரண்டு தேங்காய் வாங்கிக் காரில் ஒளித்து வைத்திருந்தேன். பால் மூன்றும் ஒழுங்காகப் பிழிந்தேன். கெட்டியான முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி, மூன்றாம் பால் தனி. காய் வெந்தது, பருப்பு சேர்ந்தது, எல்லாம் சரி. முதல் பாலை விட்டதும் ஃபோன் வந்தது. கேஸ் புக் பண்ணியதற்கு ஓ.டி.பி. கேட்டார்கள். ஓ.டி.பி. சொல்லிவிட்டுத் திரும்பினால் சட்டி தளதளவென்று கொதிக்கிறது. ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்கு, நடுவில் கலங்கலான தண்ணீர், மேலே கண் கண்ணாக எண்ணெய். பசும்பால் திரிந்தால் சர்க்கரை போட்டுக் கிளறியாவது ஒப்பேற்றலாம். இதை என்ன செய்ய?

காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள்தான். ஒவ்வொரு துளியையும் தேங்காயில் இருக்கும் புரதம் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொதி வந்தால் புரதம் சுருண்டு கட்டியாகிவிடும், துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். அதனால்தான் காயை மூன்றாம் பாலில் வேகவைப்பது. அது நீர்த்தது, எவ்வளவு கொதித்தாலும் தெரியாது. முதல் பால் மட்டும் சூட்டைப் பார்த்தால் போதும், கொதியைப் பார்க்கக்கூடாது.

ரகசியமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சொதி திரிஞ்சு போச்சா?" என்றாள். பார்க்கக்கூட இல்லை, வாசனையிலேயே.

12 ஆகஸ்ட், காலை 6.50

சோளமாவு கொஞ்சம் கரைத்து விட்டால் திரியாது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மேலே மெஸ் கதையைப் படித்துவிட்டு எழுதுங்கள், ஐயா.

15 ஆகஸ்ட், வியாழன், மாலை 5.20

விடுமுறை. இரண்டாவது ஒத்திகை, அட்டைப்பெட்டித் தேங்காய்ப்பாலில். திரியவில்லை, வேண்டுமென்றே கொதிக்க விட்டுப் பார்த்தும் அசையவில்லை. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் பிரிந்து போகாமலிருக்கச் சேர்ப்பவற்றின் பெயர்கள் இருக்கின்றன. புரதம் செய்கிற வேலையை அவை செய்கின்றன. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது போதும், நான் குறை சொல்லமாட்டேன்.

மகள் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். மனைவி ஒரு வாய் எடுத்துவிட்டு, "ஐஸ்கிரீம் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள். அதற்கப்புறம் எனக்கும் அந்த வாசனைதான் தெரிந்தது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

16 ஆகஸ்ட், இரவு 11.30

9ஆம் தேதி எழுதியதில் ஒரு திருத்தம். பெரிய திருத்தம்.

மனைவி இந்தப் பக்கத்தை முதலிலிருந்து படித்தாள். அப்பளம் நொறுக்கிய இடத்தில் சிரித்தாள். 'மூன்று தடவை' வந்ததும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்க மூணாவது தடவை வாங்கினப்ப பாத்திரத்தைச் சாய்ச்சு ஊத்தினாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெரிய வரவேற்பாக நினைத்திருந்தேன்.

"அப்ப நான் இன்னும் சாப்பிடல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்திரிச்ச பிறகுதான் எங்க பந்தி. நான் ரசமும் துவையலும்தான் சாப்பிட்டேன்."

ஒரு பேச்சுக்குக்கூட அவள் இதை இதுவரை சொன்னதில்லை. நான் பத்துப் பேர் நடுவில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நல்லாத்தானே சொல்லிட்டு இருந்தீங்க" என்றாள்.

அதற்குமேல் என்ன பேசுவது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

17 ஆகஸ்ட், காலை 9.00

நேற்று எழுதியதற்கு அழுகிற முகம் போட்டவர்களுக்கு: அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால் காபியில் தெரிந்துவிடும். காபி இன்றைக்கு வழக்கம்போல்தான் இருந்தது.

ஆனால் திட்டம் மாறிவிட்டது. இவ்வளவு நாள் நான் சாப்பிட்ட சொதியை நான் மறுபடி சாப்பிடத்தான் இந்தப் பாடெல்லாம் பட்டிருக்கிறேன். கல்யாண நாள் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

18 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 8.45

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ஃபோன் போட்டோம். வயது 78, ஒரு காது மந்தம். ஸ்பீக்கரில் நான் கத்த, மனைவி அதையே வேறு சுருதியில் திரும்பக் கத்த, பக்கத்து ஃப்ளாட்டுக்காரருக்கும் இந்நேரம் சொதி வைக்கத் தெரிந்திருக்கும்.

"பருப்பு எவ்வளவு, அத்தை?"

"மூணு தேங்காய்க்கு ரெண்டு கை."

"யார் கை?"

"யார் கையா? என் கைதான்."

மகள் தராசைக் கொண்டுவந்தாள். என் கைப்பிடி 70 கிராம். மனைவியின் கைப்பிடி 45. மனைவிக்கு அத்தையின் கை என்று ஊரில் சொல்வார்கள், அதனால் 90 கிராம் என்று எழுதிக்கொண்டோம். என் முதல் ஒத்திகையில் இரண்டு தேங்காய்க்கே என் கையால் இரண்டு பிடி போட்டிருந்தேன். திரியாமல் இருந்திருந்தால் அது பொங்கலாகியிருக்கும்.

பச்சை மிளகாய் 12. இஞ்சி கட்டைவிரல் நீளம். இரண்டையும் நைசாக அரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிய பிறகு போட்டு, பச்சை வாசனை போகிறவரை வதக்கணும். "காரம் நாக்குல தெரியக்கூடாது, தொண்டைல தெரியணும்." எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இது யாரு கேக்கது, நீயா மாப்ளையா?" என்றார். நான்தான் சமைக்கப்போகிறேன் என்றோம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தோம். "மாப்ள, முதப்பால் விட்ட பொறவு ஃபோனைத் தொடாதீய" என்றார். ஓ.டி.பி. விஷயம் அங்கேயும் போயிருக்கிறது.

22 ஆகஸ்ட், வியாழன், இரவு 10.10

மச்சினர் ஆம்னி பஸ்ஸில் எட்டுத் தேங்காய் போட்டு அனுப்பினார். வேண்டாம், இங்கேயே பொள்ளாச்சிக் காய் கிடைக்கிறது என்றேன். கேட்கவில்லை. முன்பெல்லாம் ஊர்ப் பார்சல் என்றால் கோயம்பேட்டில் போய் நிற்போம், மேற்கு மாம்பலத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். 2023 டிசம்பர் கடைசியில் ஊருக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், அதோடு அந்தச் சௌகரியம் போச்சு. விடிகாலை ஐந்தரைக்கு எட்டுத் தேங்காய்க்காக ஜி.எஸ்.டி. சாலையில் போய்வந்தேன். பெட்ரோல் கணக்குப் போட்டால் மாம்பலத்தில் ஒரு மூட்டை வாங்கியிருக்கலாம்.

சாக்கைப் பிரித்தால் எட்டும் மட்டையோடு இருக்கின்றன. மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் கடப்பாரைக்கு எங்கே போவது? ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பிப் பார்த்தேன், ஸ்க்ரூடிரைவர் வளைந்தது. கடைசியில் தெருமுனை இளநீர்க்காரரிடம் கொண்டுபோனேன். இளநீர் வாங்க வருகிறவனைப் பார்த்திருக்கிறார், தேங்காயைச் சுமந்துகொண்டு வருகிறவனை இப்போதுதான் பார்க்கிறார்போல. நாலு வெட்டு, ஒரு திருகு, நார் தனியாக வந்துவிட்டது. எட்டுக்கும் சேர்த்து எண்பது ரூபாய். குடுமியை எடுக்காமல் கொடுத்தார். "அதை எடுத்தா சீக்கிரம் கெட்டுடும் சார், உடைக்கறப்ப எடுங்க."

முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பட்டாணி எல்லாம் வந்துவிட்டன. நாளைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. காரணம் 'குடும்ப விசேஷம்' என்று போட்டிருக்கிறேன்.

23 ஆகஸ்ட், வெள்ளி, இரவு 9.30

திரியவில்லை.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். மூன்று காய் துருவவே அரை மணி நேரம். மிக்சியில் அரை டம்ளர் வெந்நீர் மட்டும் விட்டு ஒரு சுற்று, பழைய வேட்டித் துணியில் போட்டு முறுக்கினேன். முதல் பால் சொட்டச் சொட்ட இரண்டு டம்ளர் தேறியது. விரலில் தொட்டால் பூச்சு மாதிரி ஒட்டியது. கடைப் பாலில் அந்தப் பிடிப்பே இல்லை. மச்சினரிடம் கிளாம்பாக்கத்தைப் பற்றிப் பேசியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டேன், மனதுக்குள்.

முதல் பால் விடும்முன் ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பைச் சிம்மில் வைத்து, கரண்டியை எடுக்காமல் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே நின்றேன். ஓரத்தில் மெல்லிய நுரை ஒரு கோடாகக் கட்டியது. நடுவில் ஒரு குமிழிகூட வரவில்லை. அந்தக் கோடு வட்டமாகச் சேர்வதற்குள் அணைத்துவிட்டேன். நெய்யில் கடுகு, சீரகம், முந்திரி, கறிவேப்பிலை. தேங்காயெண்ணெயில்தான் தாளிக்கணும் என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், இன்றைக்கு நான் பதில் சொல்லமாட்டேன்.

இலை போட்டு மனைவியை முதலில் உட்காரவைத்தேன். அவளுக்குக் கை கால் ஓடவில்லை, எழுந்து எழுந்து உப்பு எடுக்கப் போனாள், மகள் பிடித்து உட்காரவைத்தாள். சோறு, அதன்மேல் சொதி, ஓரத்தில் துவையல், வறுவல். நான் சட்டியும் கையுமாக நின்றேன். பிசைந்தாள். முதல் வாய் எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. முருங்கைக்காயை எடுத்துப் பிதுக்கினாள், அதையும் சாப்பிட்டாள்.

"எலுமிச்சை அரைப்பழம் கூட."

அவ்வளவுதான். நான் இரண்டாவது கரண்டி ஊற்றப் போனேன். இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்தாள்.

"போதுங்க. தேங்காய்ப்பால் இப்பல்லாம் எனக்கு ஒத்துக்கறதில்ல. ரசம் வச்சிருக்கீங்களா?"

ரசம் வைக்கவில்லை. மூன்று தேங்காய், இரண்டு ஒத்திகை, ஒரு ஸ்க்ரூடிரைவர், கிளாம்பாக்கம். ரசத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இருபத்தைந்து வருஷம் முன்னால் ஒரு கரண்டி கிடைத்திருந்தால் அவளும் மூன்று தடவை வாங்கியிருப்பாளோ என்னவோ. இஞ்சித் துவையலைத்தான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். அது மகள் அரைத்தது.

24 ஆகஸ்ட், சனி, மதியம் 1.15

அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தோம். சொதி தீர்ந்துபோன கதையையும் மனைவி சொன்னாள். அத்தை ஒரே போடாகப் போட்டார்.

"யாரு சொன்னா தீந்துட்டுன்னு? பந்திக்கு முன்னாலயே உனக்குன்னு ஒரு தூக்குச்சட்டில எடுத்து வச்சேம்லா. ராத்திரி ரயிலுக்குக் குடுத்துவிட்டேனே, சாப்பிடலியா நீ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நெல்லையிலிருந்து ஏறியவுடன் மனைவி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள், இரண்டு நாள் அலுப்பு. மணியாச்சி தாண்டியதும் சித்தப்பா பையைக் குடைந்தார். ஒரு எவர்சில்வர் தூக்கு. திறந்து மோந்து பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்ல ராத்திரிக்கும் குடுத்துவிட்டிருக்காங்கடா, இது காலைக்குள்ள கெட்டுடும்" என்றார். கெட்டுத்தான் போயிருக்கும், அது உண்மை. கையில் இருந்த இட்லிக்கு அதை ஊற்றிக்கொண்டோம். கோவில்பட்டி வருவதற்குள் சட்டி காலி. மூடியில் ஒட்டியிருந்ததை நான் வழித்தேன்.

ஆக, 9ஆம் தேதி எழுதியதில் இரண்டாவது திருத்தம்: மூன்று தடவை அல்ல, நான்கு.

25 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு 7.50

தூக்குச்சட்டி என்ன ஆயிற்று என்று கேட்ட ஐந்து பேருக்கும் சேர்த்து: மனைவியும் அதையேதான் கேட்டாள். மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்குமாம், சீர்ப் பாத்திரங்களோடு வெட்டியது.

இன்று பெரம்பூர் போனோம். சித்தப்பாவுக்கு எதுவும் ஞாபகமில்லை. சித்தி அடுக்களையில் மேல்தட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தார், பெயர் அப்படியே இருக்கிறது. உள்ளே புளி. இத்தனை வருஷமும் புளிதானாம், அதில் வைத்தால் வண்டு வருவதில்லையாம். புளியை வேறு டப்பாவுக்கு மாற்றப்போன சித்தியை மனைவிதான் தடுத்தாள். "இருக்கட்டும் அத்தை, அப்படியே குடுங்க. புளியோட."

இப்போது எங்கள் வீட்டு மேல்தட்டில் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி ரசம்.